சத்தமில்லாமல் பார்த்த விவாதம்

லஸ்ஸாத் முப்பத்தொரு வருஷம் ஹல்குல்வாத் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். மார்செய்யிலிருந்து வரும் கப்பலில் இறங்கும் கார்களைச் சோதிப்பது அவர் வேலை. காருக்குள் குடும்பமே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கும். இவர் கதவைத் தட்டுவார், இருக்கையைத் தட்டுவார். எந்த இடத்தைத் தட்டும்போது கொறிப்பு நிற்கிறதோ, அங்கேதான் சரக்கு. வாய் எத்தனை பொய்யும் சொல்லும், கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பார்.

ஓய்வுபெற்றும் புத்தி மாறவில்லை. ரொட்டிக்காரர் ஒன்று கூடுதலாகக் கொடுத்தால், நேற்றையதோ என்று மோந்து பார்க்கிற மனுஷன். தலைவர்களையா நம்புவார்? இதுவரை யாருக்கும் ஓட்டுப் போட்டதில்லை. ஒரே மகள் சிரீன், குவீதர் என்கிற தலைவரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வாரம் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

"இவராச்சும் சுத்தமான ஆளு, பாபா. டிவியில வர்ற விவாதத்தைப் பாருங்க. குறை ஒண்ணும் தெரியலேன்னா ஞாயித்துக்கிழமை தேர்தல்ல அவருக்கு உங்க ஓட்டு. எனக்காக."

சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை, சத்தம் கூடாது. பேச்சைக் கேட்டால் கண் ஏமாந்துவிடுமாம்.

திரையில் நான்கு தலைவர்கள், நடுவில் கண்ணாடிக் கிண்ணம், அதில் மடித்த சீட்டுகள். தன் முறை வரும்போது தலைவர் ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ள கேள்வியை வாசித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். முதலாமவர் மோதிரத்தைத் திருகினார். திருடன் என்றார் லஸ்ஸாத். அடுத்தவர் தண்ணீராகக் குடித்தார். பெரிய திருடன். மூன்றாமவர் ஓயாமல் சிரித்தார். அவருக்குப் பட்டமே தரவில்லை. சிரீன் விதை கொறித்தபடி சிரித்தாள்.

குவீதர் முதல் இரண்டு தடவையும் கிண்ணத்துக்குள் துழாவி எடுத்தார், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் வாசித்தார். லஸ்ஸாத்துக்கே ஆளைப் பிடித்துவிட்டது. மூன்றாம் தடவை துழாவவில்லை. மேலே கிடந்ததை எடுத்தார். மூக்குக்கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. சீட்டை ஒப்புக்குப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"பாத்தியா, கேள்வி இந்தாளுக்கு முன்னாடியே..." என்று குதூகலத்தோடு மகள் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார்.

சிரீனின் கொறிப்பு நின்றிருந்தது. ஒரு விதை விரலிடுக்கில் அப்படியே இருந்தது.

துறைமுகத்தில் ஒவ்வொரு காரிடமும் முதலில் கேட்கும் கேள்விதான் லஸ்ஸாத்தின் வாயில் வந்தது.

"நீயா சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்காம்மா?"

"ஒண்ணுமில்லையே பாபா," என்றாள். மறுபடி கொறிக்க ஆரம்பித்தாள், கொஞ்சம் வேகமாகவே.

அப்படிச் சொன்ன எந்த வண்டியையும் அவர் பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் வரிசையில் நின்றார். திரும்பி வந்து, நீல மை வைத்த விரலை மேஜைமேல் வைத்தபடி காபி குடித்தார். சிரீன் எதிரே உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அந்த ஓட்டுக்கு மன்றாடியவள், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கவேயில்லை.