நாலு பேர் வாசித்ததுபோல்

இந்தத் தீவு நாட்டில் ஆட்சி கவிழ்ந்து, எங்களைப்போன்ற இந்திய வம்சாவளிக்காரர்கள்மேல் கலவரம் மூண்ட சமயத்தில் எங்கள் குழுவில் நான்கு பேர் இருந்தோம். வோட்டுவாலேவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ராக் பாட்டுகள் வாசிப்போம். பாட்டு எழுதுவதும் கிட்டாரோடு பாடுவதும் நான். மற்ற மூவர் கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ். எங்களுக்குள் பேச்சு ஹிந்திதான். டிரம்ஸ்காரன் மட்டும் என்னோடு தமிழில் பேசுவான். அவன் வீட்டிலும் பெரியவர்கள் தமிழை விடவில்லை. ஆல்பம் போடுவதற்கென்று பத்துப் பாட்டு சேர்த்து வைத்திருந்தோம்.

கீபோர்டு வாசித்தவளின் அண்ணன் தலைநகரை அடுத்த நகாசியில் கடை வைத்திருந்தார். கலவரத்தில் கடையை உடைத்து, கல்லாப்பெட்டி மேசையைக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் குடும்பம்தான் முதலில் கிளம்பியது, சிட்னிக்கு. அவள் கீபோர்டு கொட்டகையிலேயே நின்றது. அடுத்துப் பேஸ் வாசித்தவனுக்குக் கனடா விசா வந்தது. கிட்டாரைக் கொண்டுவந்து கொட்டகையில் சாய்த்துவிட்டு, "பெட்டியில எடம் இல்ல, நீயே வெச்சுக்கோ" என்றான்.

"நா எங்கியும் போகமாட்டேன். ஆல்பம் முடிஞ்சப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றான் டிரம்ஸ்காரன்.

மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. அவர்கள் நாய் பக்கத்து வீட்டு மாமரத்தில் கட்டிக்கிடந்தது. அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஆக்லாந்து போய்ட்டாங்களே! ஒன்கிட்டச் சொல்லலியா?" என்றார். போகிறவர்கள் இங்கே சாதாரணமாகச் சொல்லும் 'மோதே'யைக்கூட அவன் என்னிடம் சொல்லவில்லை.

எங்களைக் கூப்பிட வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. நானும் அம்மாவும் இருந்தோம். கொட்டகையில் அவன் டிரம்ஸ் இருந்தது. முதல் நாள் கோபத்தில்தான் அதை அடித்தேன். பிறகு, நாங்கள் சேர்ந்து வாசித்ததைப் பதிந்திருந்த பழைய கேசட்டைப் போட்டு, அவன் எங்கே தாமதிக்கிறான், எங்கே அழுத்துகிறான் என்று கேட்டுக் கேட்டு அடித்துப் பழகினேன். பேஸும் கீபோர்டும் அப்படித்தான் வந்தன. விரல் நுனி வெடித்து ரத்தம் கசிந்தது.

"ஏண்டி, ஒருத்தியே இத்தனையும் வாசிச்சா கை இன்னாத்துக்கு ஆகும்?" என்பாள் அம்மா.

"வேற யாரும்மா இருக்கா?"

அவள் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து தடவுவாள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முதலில் டிரம்ஸ், அதன்மேல் பேஸ், பிறகு மற்றவை, கடைசியில் குரல் என்று தனித்தனியாகப் பதிந்து சேர்த்தேன். விமானம் மேலே போனால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். முடிக்க இரண்டு வருஷம் ஆனது. விலாசம் விசாரித்து மூவருக்கும் சிடி அனுப்பினேன். டிரம்ஸ்காரன் மட்டும் போன் செய்தான்.

"கேட்டேன். டிரம்ஸ் யாரு? நல்லா அடிக்கறான்."

"நான்தான்."

"என் கையாட்டமே இருக்கு" என்றான்.

"ஏன் சொல்லாம போனே?"

"ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல." பிறகு தானாகவே சொன்னான்: "இங்க வந்து நா குச்சியத் தொடல. கோழி வெட்ற ஃபேக்டரியில வேல. சாயங்காலம் வெரலு மடங்கறதில்ல."

திட்டுவதற்கு இரண்டு வருஷமாக நிறைய சேர்த்து வைத்திருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்த சிடியைக் கேட்டுவிட்டு நாந்தி நகர ஓட்டல் ஒன்றில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். போய் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது, ஆல்பத்தில் இருப்பதை ஒருத்தி மேடையில் வாசிக்க முடியாது. ஒரு கிட்டாரோடு பாடினேன். கலவரத்துக்குப் பயந்து டூரிஸ்டுகள் வருவது குறைந்திருந்த காலம். இரண்டு மேசையில் ஆள் இருந்தது. நான்காவது பாட்டில் அவர்களும் எழுந்து போனார்கள்.

"சிடியில நாலு பேர் கேக்குதே, மத்தவங்கள ஏன் கூட்டிட்டு வரல?" என்றார் மேனேஜர்.

"எல்லாரும் வெளிநாடு போய்ட்டாங்க."

"என் சமையக்காரங்களும்தான்" என்று சொல்லிவிட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கப் போனார்.

மறு வாரம் நானும் நியூசிலாந்தில் குடியேற விண்ணப்பம் வாங்கி வந்தேன். வயது, படிப்பு, தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் பாயின்ட் போட்டுத்தான் அங்கே ஆள் எடுப்பார்கள். சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில், ஆபீஸில் நான் பார்க்கும் வேலையை, 'குமாஸ்தா' என்று எழுதினேன். என்ன எழுதினாய் என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

"பாட்டுக்காரின்னு எழுதேன்."

"அதுக்கு பாயின்ட் கெடையாதும்மா."