அவனுடைய பாம்புகள்

கேனுவின் கை நல்ல கை. மனசுதான் ஆறாத புண். சக்காரா மணல்மேட்டில் அரசரின் பிரமிடு எழும்பியபோது உள்ளறைச் சுவரெல்லாம் எழுத்துச் செதுக்கியவன் அவன். அந்த எழுத்தில் ‘அவனுடைய’ என்று எழுத ஒரு கொம்புப் பாம்பைச் செதுக்க வேண்டும். பிணம் கிடக்கும் அறையில் பாம்பை முழுசாக விட்டால், இருட்டில் உயிர்பெற்றுக் கொத்தும் என்பார்கள். அதனால் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு வெட்டு வைப்பது வழக்கம்.

அதே பிரமிட்டில்தான் அவன் தம்பி ஹெமியின் உயிர் போனது. வழியை அடைக்கும் கருங்கல் பலகையை இறக்கிப் பார்க்கிற நாள். கீழே ஹெமி மணல் வாரிக்கொண்டிருந்தான். மேஸ்திரி செஷெம் அவனைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் பலகையைத் தாங்கிய முட்டுக்கட்டையைத் தட்டச் சொன்னான்.

“ஐயா, தம்பி அடியில நிக்கிறான்,” என்று கத்தினான் கேனு.

“ஓடி வரச் சொல்லு. அவனுக்காக வேல நிக்குமா?”

கல் இறங்கியது. துணி சுற்ற உடம்பு மிஞ்சவில்லை. உடம்பில்லாதவனுக்கு மறுமையும் இல்லை. “கழுவி விடுங்கடா,” என்று சொல்லிவிட்டு அந்தப் பாவி சாப்பிடப் போனான்.

அதற்குப்பின் தம்பியைப் பற்றிக் கேனு வாயே திறக்கவில்லை. செஷெம் அதைப் பணிவு என்று நினைத்தான், மடையன். தன் கல்லறையையும் அவனிடமே செதுக்கக் கொடுத்தான். மறுமைக்கென்று எழுதச் சொன்னது: அவனுடைய ரொட்டி, அவனுடைய பீர், அவனுடைய வாத்து, அவனுடைய வீடு. ஆசைக்கு அளவேது? சுவரெங்கும் பாம்பு.

விளக்கைப் பிடித்து ஒவ்வொரு கழுத்தையும் தடவிப் பார்த்தான் செஷெம். “ஒண்ணையும் விட்டுடலியே?”

“ஒங்க வேலையில போயி விடுவனாய்யா?”

பல வருஷம் கழித்துக் காய்ச்சலில் செஷெம் செத்தான். கல்பெட்டியை மூடியதும், விரிசல் பூசவேண்டும் என்று சொல்லிச் சாந்தோடு உள்ளே தங்கினான் கேனு. ஒவ்வொரு பாம்பாகக் கழுத்தை ஒட்டவைத்தான். அவசரப்படவில்லை. கடைசிப் பாம்பிடம், “ஹெமியோட அண்ணன் அனுப்பினான்னு சொல்லு,” என்றான்.

வெளியே வந்தபோது செஷெமின் மனைவி அழுதபடி சாவு ரொட்டியை நீட்டினாள். “உள்ள ஒரே இருட்டா இருக்குமேப்பா. தனியாக் கெடந்து பயப்படுவாரே.”

“தனியா இல்லம்மா. தொணைக்கு வேண்டிய மட்டும் இருக்கு,” என்றான் கேனு. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டான். தம்பி போனபின் அன்றைக்குத்தான் அவன் நாக்குக்கு ருசி தெரிந்தது.