மூன்று பக்கம் மட்டும் தகரம்

நான் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒன்பது நாளில், மதிலோரம் நின்ற என் பவழமல்லியைப் பக்கத்து வீட்டு நெசவாளி அடியோடு அறுத்துவிட்டார். அவர் கொல்லையில் உலர்த்தும் பட்டு நூலில் பூ விழுந்து கறை படிகிறதாம். பெருமாளுக்கு நான் தினமும் நூற்றெட்டுப் பூ எண்ணிப் பொறுக்கிய மரம் அது.

அதே இடத்தில் ஓடும் மூங்கில் வைத்தேன். நாற்றுப் பண்ணைக்காரர் எச்சரித்தார்: "இது ஒரே எடத்துல நிக்காது சார். வேர் மண்ணுக்குள்ள ஓடிக்கினே இருக்கும். சுத்தியும் ரெண்டரை அடி ஆழத்துக்குத் தகரம் எறக்கிடுங்க."

இறக்கினேன், மூன்று பக்கம் மட்டும். மதில் பக்கத்தைத் திறந்தே விட்டேன். அவர் கொல்லையில் நூல் உலர்த்த ஒரு சாண் இடம்கூட மிஞ்சக் கூடாது. நாளுக்கு ஆறு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

மூன்றாம் வருடம் மழை விட்டதும் அவர் கொல்லையில் முளைகள் கிளம்பின. மாடியில் நின்று எண்ணினேன்: பதினேழு. அவர் கெஞ்ச வரும்போது சொல்ல வேண்டிய பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் வரவே இல்லை.

போன மாசியில் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"சார், இங்க பாருங்க. நூல் ஒணத்த கழிக்கு எங்கெங்கயோ அலைஞ்சேன். உங்க புண்ணியத்துல வூட்லயே மொளைச்சிருக்குது!"

வெட்டிக் கட்டிய பதினோரு கழிகளில் பட்டு நூல் தொங்கியது. மீதி ஆறும் நின்றபடி முற்றிக்கொண்டிருந்தன.

"தண்ணி மட்டும் நிறுத்திடாதீங்க சார்."

அன்றே நிறுத்தினேன். நேற்று மாடியிலிருந்து எண்ணினேன். இருபத்து மூன்று.