தேதி போடாத போஸ்டர்

திருவொற்றியூரில் ஒரு சாவு விழுந்தால், சங்கு ஊதுகிறவருக்கு அடுத்தபடியாக ஆள் தேடி வருவது என் சித்தப்பாவின் கம்ப்யூட்டர் கடைக்குத்தான். சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். எப்பேர்ப்பட்ட ரவுடியையும் மேகத்துக்கு நடுவே, இரண்டு புறாக்களோடு சாதுவாக உட்கார வைத்துவிடுவார்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோனது. பழைய அஞ்சலிகளை அழித்து, அதிலிருக்கும் குப்பைத்தொட்டியையும் காலி பண்ணச் சொல்லிவிட்டு சித்தப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். இருமலுக்காக அடிக்கடி போவார். இந்தப் பக்கம் யார்தான் இருமவில்லை என்பார்.

மொத்தமாகச் சேர்த்து அழித்தேன். அத்தனை பேரும் ஒரு முனகல் இல்லாமல் போனார்கள். ஒன்று மட்டும் நின்று கேட்டது: இது தொடக் கூடாதென்று பூட்டிய கோப்பு, நிச்சயமாக அழிக்கவா? உச்சி வெயில், கடையில் நான் மட்டும். போகமாட்டேன் என்று அடம்பிடிப்பது யார்? வேண்டாம் என்று அமுக்கிவிட்டுத் திறந்து பார்த்தேன்.

சித்தப்பா. இஸ்திரி போட்ட சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். பிறந்த தேதி இருந்தது. மறைந்த தேதிக்கு இடம் மட்டும் விட்டிருந்தது. கீழே, துயரத்தில் வாடுவோர் வரிசையில் என் பெயர்.

இது இருந்தால் சித்தப்பா செத்துவிடுவார். அழித்ததால் செத்துவிட்டால்? கம்ப்யூட்டர் வேறு மறுபடியும் நிச்சயமா என்று கேட்டது, பாவி. கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று அமுக்கினேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

சாயங்காலம் திரும்பியவர் உட்காரக்கூட இல்லை.

"ஒண்ணு மட்டும் அழிக்கவான்னு கேட்டுருக்குமே, இன்னா பண்ண?"

"வாணாம்னு அமுக்கிட்டேன் சித்தப்பா."

"அதான் கரெக்ட்டு. அத்த மட்டும் தொடாத கண்ணு."

பொய் சொன்னோமே என்ற வருத்தம் துளியும் இல்லை. ஒரு உயிரைக் காப்பாற்றிய பெருமையில் அன்று இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

ஐப்பசி மழையில் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். கடையில் வேலை செய்த அக்கா கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்று கையை விரித்தாள். அவரைக் கூடத்தில் கிடத்தியிருக்க, அழக்கூட நேரமில்லாமல் சித்தி பீரோவைக் கவிழ்த்துப் படம் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் அலையக் கூடாதுன்னு அவரே செஞ்சி பூட்டி வச்சிக்கீறேன்னு சொன்னாரே, எங்க போச்சி?"

கடைசியில் கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்து அவளை வெட்டியெடுத்துவிட்டுத்தான் போஸ்டர் அடித்தார்கள்.

நான் மூலையில் நின்று அழுதேன். இன்னும் எங்கோ ஒரு பிரதி மிச்சமிருந்திருக்கிறது, அதையும் தேடி அழிக்காமல் விட்டுவிட்டேனே என்று.