அப்பா ஏற்றிய மெழுகுதிரி

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் சட்டன் நகரின் உள்ளரங்கில் பந்து தரையில் தட்டும் சத்தம். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆடும் மகள் என்னிடம் ஓடிவந்தாள். "அம்மா, நாங்கள் வெண்டு, புள்ளியில எங்களுக்கு மேல நிக்கிற டீமும் தோத்தால்தான் அரையிறுதி. அவை தோக்கவேணுமெண்டு பிரே பண்ணுங்கோ."

யாழ்ப்பாணத்துச் சீமெந்துத் திடலில் எனக்கும் அப்படியொரு கடைசி ஆட்டம் வந்தது. எங்களுக்கு மேலே நின்ற பள்ளி தோற்கவேண்டுமென்று அப்பா அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரியோடு போனார். அங்கே அவர் தங்கை, என் மாமி, முழங்காலில் நின்றார். அவர் மகள் விமலா அந்தப் பள்ளிக்குத்தான் ஆடினாள். அப்பா தன் திரியையும் விமலாவுக்கே ஏற்றிவிட்டு வந்தார்.

விமலாவின் பள்ளி வென்றது; நாங்கள் வெளியேறினோம். "அவளும் எங்கட பிள்ளைதானே" என்ற அப்பாவோடு நான் ஒரு கிழமை பேசவில்லை.

இன்று விமலா மச்சாள் நோர்பரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, என் பக்கத்தில் நின்று, என் மகளுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறாள்.