வாழை நின்ற வயல்

கழக்கூட்டம் நெடுஞ்சாலையில் நேற்று அரை மணி நேரம் ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் நின்றேன். செம்மண் பாரம். தூறலில் மண் நனைந்து வாசனை எழுந்தது. ஆட்டோக்காரர் மூச்சை இழுத்து, "நல்ல மணம் சாரே" என்றார். எனக்கு அந்த மணம் ஆகாது. அது வயலை மூடுவதற்குக் குன்றிலிருந்து வெட்டி வரும் மண். வயலுக்கு வேறு வாசனை உண்டு. அதை நான் தெரிந்துகொண்டது ஒரு தப்பு செய்த பிறகுதான்.

அப்போது இங்கே ஒரு மலையாளப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். நகரத்துக்குள் தமிழர்கள் வாழும் வலியசாலைத் தெருவில் வளர்ந்த எனக்கு, நெல் என்பது ரேஷன் கடைச் சாக்கில் விளைவது. விவசாயப் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். கழக்கூட்டத்துக்கு உள்ளே ஓர் ஏலாவைப் படம் எடுத்தோம். வயல்கள் தொடர்ந்து கிடக்கும் தாழ்வுக்கு இங்கே ஏலா என்று பேர். ஒரு வயலில் நேந்திரன் வாழை நின்றது. 'செழிக்கும் வாழைத்தோட்டம்' என்று எழுதினேன். தலைப்பு எனக்கே பிடித்திருந்தது.

மறுவாரம் ஒரு அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். ரோசம்மா, தமிழ் பேசும் எல்லையோரப் பாறசாலைப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அந்த வாழை நின்ற வயல் அவருடையது. நான் தமிழன் என்று தெரிந்ததும், உட்காராமல் நின்றபடியே தமிழில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பிள்ளே, வாழை நின்னா வயல் தோட்டமாயிருமா? நீரு கட்டில்ல கெடந்தா ஆஸ்பத்திரின்னு எழுதுவீரா?"

சில போகம் நெல் எடுத்த பிறகு, ஓர் ஆண்டு அதே வயலில் மண்ணைக் கோரி மேடாக்கி வாழை வைப்பது இங்கே வழக்கம். குலை வெட்டியதும் மேட்டைக் கலைத்து மறுபடி நெல் நடுவார்கள். பக்கத்து வயல்காரர்கள் விற்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஏலா முழுவதும் கரைநிலமாகிவிட்டது, இனி வீடு கட்டலாம் என்று மனு கொடுத்து, சாட்சிக்கு என் செய்தியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். எட்டாம் நாள் அதிகாரி பார்க்க வருகிறார். வயலை மூடச் சட்டம் விடாது; தோட்டம் என்று எழுதிவிட்டால் மண்ணடித்து மூடலாம்.

செய்தி ஆசிரியரிடம் திருத்தம் கேட்டேன். "வாழையைப் பார்த்தாய், வாழை என்று எழுதினாய். தப்பு எங்கே?" என்றார் மலையாளத்தில். ரோசம்மாவோடு அவர் வயலுக்குப் போனேன்.

"ரெண்டு மேட்டுக்கு நடுவுல எறங்கும்" என்றார். முழங்கால் வரை போயிற்று. கரிய சேறு, அழுகிய வைக்கோலும் மீனும் கலந்த வாசனை. ஷூவில் ஒன்று இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

"தோட்டத்துல எவனாவது முங்குவானா?"

முங்கியதை முங்கியபடியே எழுதினேன். உள்பக்கத்தில், மூலையில் வந்தது. ரோசம்மா அதை நம்பி உட்காரவில்லை. ஓணச் சந்தைக்காக வைத்திருந்த குலைகள், முற்ற இன்னும் இரண்டு மாதம். எல்லாவற்றையும் பிஞ்சிலேயே வெட்டித் தள்ளினார். மேட்டைக் கலைத்தார். பாறசாலையில் அண்ணன் வீட்டிலிருந்து நாற்று வந்தது. அதிகாரி வந்த காலையில் அவர் சேற்றில் நின்று கடைசி வரிசையை நட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாழையெல்லாம் எங்கே?" என்று கேட்டார் அதிகாரி.

"பசு தின்னுது சாரே. நீங்க நெல்ல எழுதுங்க."

எழுதினார். அந்த ஒரு வயல் வயலாகவே பதிவாயிற்று.

மற்றவை ஒவ்வொன்றாக வேறு வேறு வழிகளில் மூடப்பட்டன. இப்போது ஏலா இல்லை. தோடு என்று இங்கே சொல்லும், நீர் வடியும் ஓடை இல்லை. கன்னிப்பூ என்னும் முதல் போக அறுவடைக்கு வரிசையாக வந்த பெண்கள் இல்லை. சுற்றிலும் அடுக்குமாடி, நடுவில், ஓர் ஆள் ஆழத்தில், ரோசம்மாவின் வயல். மழை பெய்தால் எல்லா வீட்டுத் தண்ணீரும் அதில் இறங்கும். கொசு வருகிறது, குழியை மூடுங்கள் என்று குடியிருப்போர் சங்கத்தார் போன மாதம் அவர் வீட்டுக்கே போயிருக்கிறார்கள். எண்பதை நெருங்கும் ரோசம்மா வாசலுக்கு வந்தாராம்.

"ஒங்க வெள்ளம்தான் எனக்க வயல்ல கெடக்குது. கொடத்தோட வந்து கோரிட்டுப் போங்க. எனக்கு நடணும்."