போர்த்துகீசியரை வெல்ல நான் எலுமிச்சம்பழம் ஒளித்தது

பூனைக்கண் உள்ளவனெல்லாம் பிறத்தியார் மனைவியைக் கப்பலேற்றிக்கொண்டு போகப் பிறந்தவன் என்று நாற்பத்திரண்டு வயதில் நான் நம்பினேன். இரண்டாயிரம் பிறந்த புதிது. ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு மருந்துக்கடைக்காரர் குடிவந்திருந்தார். மேல்பர்மாக்காரர். போர்த்துகீசிய மாலுமிகளின் வம்சமாம். பெயர் பர்மியப் பெயர், பேச்சு பர்மியப் பேச்சு, கண் மட்டும் லிஸ்பன்.

மாலையானால் என் மனைவி மாடிப்படியில் நின்று அவரிடம் கதை கேட்பாள்.

"அப்புறம் அந்தக் கப்பல் என்னாச்சு, சயா?"

சயாவாம்! பர்மியர் வாத்தியாருக்குச் சொல்லும் மரியாதை! என்னைப் பதினெட்டு வருடமாக 'இந்தாங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். ஆப்பிரிக்காவையே சுற்றி வந்த பரம்பரைக்கு என் அடுப்படியைச் சுற்றி வர எவ்வளவு நேரமாகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுக்கு அக்கரையில் தன்லினில் இடிந்து கிடக்கும் போர்த்துகீசியர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"நான் கூட்டிட்டுப் போறேனே."

"நீங்க பஸ்ஸுலயே தூங்கிடுவீங்க. சயாவுக்குத்தான் விவரம் தெரியும்."

எதிரியின் பலவீனத்தை அறிய, நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த கடற்பயணப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்களுக்குப் பழம் கிடைக்காமல் ஈறு வீங்கிப் பல் கொட்டியதாம். அடடா! வீட்டிலிருந்த எலுமிச்சம்பழங்களையெல்லாம் அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

"சயாவுக்கு ஜூஸ் போடலாம்னா ஒரு பழத்தைக் காணோமே?"

"ரங்கூன்லயே இல்லையாம்."

அதன்பின் அவர் சிரிக்கும்போதெல்லாம் ஈறைப் பார்த்தேன். ஒரு பல்லும் ஆடவில்லை.

"என்ன அகோ, என் வாயில ஏதும் ஒட்டியிருக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார், பாவம்.

ஒருநாள் மெத்தைக்கடியில் ஒரு நோட்டு கிடைத்தது. மனைவியின் கையெழுத்து. கையால் வரைந்த வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஓர் அம்புக்குறி. அதன் கீழே, 'காற்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.' நோட்டை அவள் முன்னால் போட்டேன்.

"எப்பக் கிளம்புறீங்க ரெண்டு பேரும்?"

அவள் நோட்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

"எங்கே கிளம்புறது? பரீட்சைக்கு எழுதி வச்சது அது."

தபால் வழியில் பி.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வருடப் படிப்பு முடிந்தும் விட்டது. மேல்மாடிக்காரருக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும், எங்கள் மகளுக்கும் தெரியும். நான் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பேன் என்று என்னிடம் மட்டும் மறைத்திருந்தாள்.